பில்லில் ஏறாத தள்ளுபடியும் ஓமலூர் ரோட்டு வீடும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. சேலம் அழகாபுரத்தில் 13,000 ரூபாய் வாடகையில் இருக்கிறீர்கள். மே மாத வெயில் தாங்காமல் ஐந்து ரோடு பக்கம் ஒரு பெரிய கடையில் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் ஒரே நாளில் வாங்கினீர்கள். வங்கி 4,000, கம்பெனி 3,500, கடை கூப்பன் 2,000 என்று மொத்தம் 9,500 ரூபாய் திரும்ப வரும் என்றார்கள். ஆடி பிறந்துவிட்டது, ஒரு ரூபாய்கூட வரவில்லை. கடை கம்பெனியைக் கை காட்டுகிறது, கம்பெனி வங்கியைக் கை காட்டுகிறது. இதற்கிடையில் வீட்டுக்காரர் வாடகையை 14,500 ஆக்கப் போகிறார். கருப்பூர் பக்கம் ஒரு புரொமோட்டர் 58 லட்சத்துக்குப் புது வீடு காட்டி, ஆடிக்குள் புக் செய்தால் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இலவசம் என்கிறார். போதாததற்கு உங்கள் அப்பா ஏற்காட்டில் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறார்.

சேலத்தில் சில டீலர் கடைகளுக்கும் சில லேஅவுட்காரர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். இந்த இரண்டு வியாபாரத்தின் உள்பக்கமும் கொஞ்சம் தெரியும். கேஷ்பேக்கை எப்படி வாங்குவது, வீட்டை வாங்கலாமா என்ற இரண்டும் வேறு வேறு கேள்வி என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: விலையைக் குறைக்காமல், குறைத்த மாதிரி காட்டுவது.

முதலில் கேஷ்பேக். 9,500 என்று ஒரே தொகையாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அது மூன்று தனித்தனி ஆட்கள் கொடுத்த மூன்று தனி வாக்கு. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லை. அதனால்தான் ஆளாளுக்குக் கை காட்ட முடிகிறது. மூன்றையும் சேர்த்து "என் கேஷ்பேக் எங்கே" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

வங்கிப் பணத்துக்கு ஆதாரம் கடை பில் இல்லை, கார்டு தேய்த்தபோது வந்த சார்ஜ் ஸ்லிப். அதை எடுத்துப் பாருங்கள். எத்தனை மாத இஎம்ஐ, எந்த வங்கி என்பதற்குக் கீழே, ஆஃபர் சரியாக ஏறியிருந்தால் கேஷ்பேக் தொகையும் பொதுவாக அச்சாகியிருக்கும். எந்தத் தேதிக்குள் வரவு வைப்பார்கள் என்று சில ஸ்லிப்பில் இருக்கும். கார்டு கேஷ்பேக் பெரும்பாலும் ஆஃபர் காலம் முடிந்து 60 அல்லது 90 நாளுக்குப் பிறகுதான் வரும். அப்படியானால் உங்கள் 4,000 இன்னும் தாமதமே ஆகவில்லை என்றுகூட இருக்கலாம். ஸ்லிப்பில் அந்த வரியே இல்லை என்றால் சிக்கல் கவுன்டரில் நடந்திருக்கிறது. ஆஃபர் இஎம்ஐக்கு மட்டும் என்றிருக்க, முழுத் தொகையாகத் தேய்த்திருப்பார்கள். அல்லது அந்த வங்கி ஆஃபர் ஏறாத வேறொரு மெஷினில் தேய்த்திருப்பார்கள். அல்லது கார்டு லிமிட் போதாமல் தொகையை இரண்டு கார்டில் பிரித்திருப்பார்கள். அப்போது இரண்டுமே குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போயிருக்கும். கார்டே இல்லாமல் ஃபைனான்ஸ் கம்பெனி கடனில் வாங்கியிருந்தால் கார்டு ஆஃபர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இஎம்ஐயைப் பாதியில் முன்கூட்டி அடைத்தாலும் பல வங்கிகள் கேஷ்பேக்கை ரத்து செய்துவிடும், அதைச் செய்துவிடாதீர்கள். இன்னொன்று: அந்த ஸ்லிப் வெப்பத்தில் அச்சாகும் காகிதம். பர்ஸில் வைத்தால் தீபாவளிக்குள் வெள்ளைத் தாளாகிவிடும். இன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

கம்பெனிப் பணம் வேறு கதை. அது தானாக வராது. பில், மெஷினின் சீரியல் நம்பர், சில சமயம் அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் பார்கோடு, எல்லாவற்றையும் குறிப்பிட்ட நாளுக்குள் கம்பெனியின் பக்கத்தில் ஏற்ற வேண்டும். பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான். சீரியல் நம்பர் மெஷின் மேலேயே ஒட்டியிருக்கும். ஃபிரிட்ஜில் உள்சுவரிலோ பின்பக்கமோ, வாஷிங் மெஷினில் கதவு விளிம்பிலோ பின்னாலோ பாருங்கள். பில்லில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றுதானா என்று ஒத்துப் பாருங்கள். குடோனிலிருந்து வேறு பீஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, பில்லில் டிஸ்ப்ளே பீஸின் நம்பரை அடித்திருப்பது அடிக்கடி நடக்கிற விஷயம். அப்படி இருந்தால் கம்பெனி கிளெய்மைத் தள்ளிவிடும், வாரன்டியிலும் வம்பு வரும். கேஷ்பேக் போனாலும் போகட்டும், அந்த நம்பரைக் கடையில் திருத்தி வாங்கிவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் வெளியே பலருக்குத் தெரியாது. கடைக்குள் கம்பெனி டிஷர்ட் போட்டுக்கொண்டு, "சார், நான் பார்த்துக்கிறேன்" என்று உங்களிடம் பேசிய பையன் பெரும்பாலும் கடை ஊழியர் இல்லை. கம்பெனி சம்பளத்தில், கம்பெனி டார்கெட்டுக்காக அங்கே நிற்பவர். அடுத்த மாதம் அவர் நாமக்கல்லிலோ ஈரோட்டிலோ வேறு கடையில் நிற்பார். அவர் வாயால் சொன்னதைக் கடை ஒப்புக்கொள்ளாது, கம்பெனியும் ஒப்புக்கொள்ளாது. பையன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, அவருக்கே இன்சென்டிவ் பாக்கி இருக்கும். டீலரும் இதே நிலைமையில்தான் இருக்கிறார். ஸ்கீம் பணம் அவருக்குக் கம்பெனியிடமிருந்து ரொக்கமாக வராது. மாதங்கள் கழித்து, டார்கெட் முடித்திருந்தால், கிரெடிட் நோட்டாக, அதாவது கணக்கில் கழித்துக்கொள்ளும் சீட்டாக வரும். அதனால்தான் பில்லிலேயே குறைத்துக் கொடுக்கத் தயங்குகிறார்கள். பணம் வருமா என்று அவருக்கே நிச்சயமில்லாதபோது, அந்தச் சந்தேகத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவதற்குப் பெயர்தான் கேஷ்பேக்.

கடைக் கூப்பன் 2,000 இருக்கிறதே, அதை மறந்துவிடலாம். அடுத்த முறை இத்தனை ஆயிரத்துக்கு மேல் வாங்கினால்தான் செல்லும் என்று பின்பக்கம் போட்டிருப்பார்கள். அந்த 2,000க்காக ஒரு மிக்ஸியும் டிவி ஸ்டாண்டும் வாங்கி வைக்க வேண்டாம்.

அப்புறம், "ஜிஎஸ்டி குறைப்பு போனஸ்" என்று ஒரு வரி பில்லில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும், 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும், பாத்திரம் கழுவும் மெஷினுக்கும் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மை. ஆனால் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டன. அந்த இரண்டுக்கும் சேர்த்து "ஜிஎஸ்டி போனஸ்" என்று சொன்னால் அது வெறும் அலங்காரம். "வட்டியில்லா இஎம்ஐ" என்பதும் இதே ஜாதி. கிரெடிட் கார்டில் பூஜ்ய சதவீத வட்டித் திட்டம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. இப்போது நடப்பது, வட்டி அளவுக்கு விலையில் ஒரு தள்ளுபடி காட்டிவிட்டு, வட்டியை வழக்கம்போல வசூலிப்பது. வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் தனியாக வரும். எடுத்துப் பாருங்கள், வந்திருக்கும்.

சரி, பணத்தை எப்படி வாங்குவது? போனில் பேசுவதை நிறுத்துங்கள். கடைக்கு ஒரு மெயில், கம்பெனிக்கு ஒரு மெயில், வங்கிக்கு ஒரு புகார் எண். மூன்றும் எழுத்தில், பில் நம்பரோடு. வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றாலோ தந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் போகலாம், கட்டணம் கிடையாது. கடைக்கும் கம்பெனிக்கும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். பெரிய கம்பெனிகள் இந்த எண் வழியாக வரும் புகாருக்கு, நேரடியாக வருவதைவிடச் சீக்கிரம் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் வருடச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 3,500 ரூபாய்க்கு வழக்கா என்று தோன்றும். நியாயம்தான், நானும் போட மாட்டேன். ஆனால் போடுவேன் என்று எழுதிய ஒரு நோட்டீஸுக்குப் பலன் உண்டு.

அந்த நோட்டீஸில் ஒரு விஷயத்தை மறக்காமல் சேருங்கள். நீங்கள் வைத்திருக்கும் விளம்பரத் தாளில் "9,500 வரை கேஷ்பேக்" என்பது கொட்டை எழுத்தில் தமிழில் இருக்கிறது, நிபந்தனைகள் அடியில் எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்றீர்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின்படி, விளம்பர வாசகம் எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பத்திரிகைகளுக்குள் வைத்து வரும் ஆடித் தள்ளுபடி நோட்டீஸ்களில் எத்தனை இதில் தேறும் என்று நீங்களே ஒருநாள் பாருங்கள்.

இனி வீடு.

58 லட்சத்து வீட்டோடு வரும் ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றும் தாராளமாகப் போட்டாலும் ஒன்றரை லட்சம். விலையில் மூன்று சதவீதம்கூட இல்லை. நேராக விலையில் கேட்டிருந்தால் இதைவிட அதிகம் குறைந்திருக்கும். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஒன்றரை லட்சம் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மனையோடு கூடிய தனி வீட்டுக்குக் கிரயச் செலவு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். ஆக அந்த "இலவச" சாமானுக்கு நீங்கள் 13,500 ரூபாய் பத்திரச் செலவு கட்டுகிறீர்கள். அதே ஒன்றரை லட்சத்தை 8 சதவீத வட்டியில் 20 வருட வீட்டுக் கடனில் கட்டினால் முடிவில் சுமார் 3 லட்சம் ஆகும். ஃபிரிட்ஜ் பத்து வருடம் உழைத்தால் பெரிது. பழைய இரும்புக்குப் போன ஃபிரிட்ஜுக்கு இன்னும் பத்து வருடம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. புரொமோட்டர் மொத்தமாக வாங்குவதால் சாமான்களின் பில் அவர் நிறுவனத்தின் பெயரில், அவர் ஜிஎஸ்டி எண்ணில் இருக்கும். ஏசி ரிப்பேர் ஆனால் வாரன்டிக்கு அந்தப் பில் வேண்டும். அதைக் கேட்டு அவர் ஆபீஸுக்கு நடக்க வேண்டியது நீங்கள். உங்களிடம்தான் மூன்றும் புதிதாக இருக்கின்றனவே, ஒரு வீட்டில் இரண்டு வாஷிங் மெஷினை வைத்து என்ன செய்ய? "சாமான் வேண்டாம், கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சம்மதித்தால் அது உண்மையான தள்ளுபடி. "அது வேற ஸ்கீம் சார்" என்று இழுத்தால் புரிந்துகொள்ளுங்கள்.

ஆடி என்பது வாங்குபவருக்குச் சாதகமான மாதம்தான். நம் ஊரில் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் மாதத்தில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, பத்திரம் போடுபவர்களும் குறைவு, ஆடிப்பெருக்கு அன்று மட்டும் விதிவிலக்கு. புரொமோட்டருக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் "ஆடிக்குள்" என்று அவசரப்படுத்துகிறார். அவசரம் அவருடையது. விலையை இப்போது பேசி எழுத்தில் வாங்கிவிட்டு, காகிதங்களைச் சரிபார்த்து ஆவணியில் பதியலாம்.

சேலம் வீட்டுச் சந்தையைப் பற்றிப் பொதுவாகக் கேட்டீர்கள். இது பெங்களூரு மாதிரி அடுக்குமாடிச் சந்தை இல்லை. ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம், ஹஸ்தம்பட்டி பக்கம் ஃபிளாட் உண்டு. மற்றபடி ஊர் இன்னும் மனை வாங்கி வீடு கட்டுகிற ஊர்தான். நகருக்குள் வாடகை ஏறுவதற்குக் காரணம் ஆஸ்பத்திரிகள், கல்லூரிகள், பள்ளிகள் எல்லாம் அந்தச் சில பகுதிகளிலேயே குவிந்திருப்பது. ஓமலூர் ரோட்டில் விலை ஏறுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் வேறு: காமலாபுரம் விமான நிலையம், ஜாகீர் அம்மாபாளையம் ஐடி பார்க், பெரியார் பல்கலைக்கழகம், பெங்களூரு நெடுஞ்சாலை. விமானம் 2023 அக்டோபரில் மறுபடி வந்தது நல்லதுதான். ஆனால் "ஏர்போர்ட் பக்கத்துல" என்ற வார்த்தையை விற்று முடித்த மனைகளில் எத்தனையில் வீடு எழும்பியிருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியில் போய்ப் பாருங்கள். கல் நட்டு, ஆர்ச் கட்டி, வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கும் நகர்கள் நிறைய. விளக்கு எரிகிற வீடுகள் உள்ள தெருவில் மட்டும் வாங்குங்கள்.

வாடகையா, சொந்தமா என்பதற்கு உங்கள் கணக்கையே போடுவோம். வாடகை 14,500 ஆனாலும் வருடத்துக்கு 1.74 லட்சம். 58 லட்சத்தில் அது 3 சதவீதம். வங்கி இந்த அளவு கடனுக்கு 80 சதவீதம் வரை தரும், அதாவது சுமார் 46 லட்சம். 8 சதவீதத்தில் 20 வருடத்துக்கு மாதம் 38,500 வரும். கையிலிருந்து 12 லட்சம், பத்திரச் செலவு 5 லட்சத்துக்கு மேல். மாத வித்தியாசம் 24,000. பிள்ளைகள் பள்ளி, அப்பா அம்மா வயது, ஊரிலேயே இருக்கப் போகிறீர்களா என்பதெல்லாம் பார்த்து வாங்கினால் சரி. வாடகை 1,500 ஏறுகிறது என்ற எரிச்சலில் வாங்குவது என்றால் வேண்டாம். வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டிப் பேசுங்கள். 2019 பிப்ரவரியிலிருந்து வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம், உயர்வும் அதில் எழுதியபடிதான்.

வாங்குவதென்று முடிவு செய்தால், புரொமோட்டர் அடுத்து ஒரு பேச்சு எடுப்பார்: "பத்திரம் 35 லட்சத்துக்குப் போட்டுக்கலாம், மீதியைக் கையில் கொடுங்க, பத்திரச் செலவு மிச்சம்." 23 லட்சத்துக்கு 9 சதவீதம், 2 லட்சத்துக்கு மேல் மிச்சம் போலத் தெரியும். ஆனால் வங்கி பத்திரத் தொகையை வைத்துத்தான் கடன் தரும். அதே 80 சதவீதம் என்றால் 35க்கு 28 லட்சம். மீதி 30 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? நாளை விற்கும்போது வாங்கிய விலை 35 என்றே கணக்காகி லாப வரி கூடும். சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தண்டம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது, கொடுத்தவரிடம் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் வரும். இதுவும் பில்லில் ஏறாத தள்ளுபடிதான், கொஞ்சம் பெரிய சைஸில்.

காகிதத்தில் லேஅவுட்டின் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண் இரண்டையும் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் அல்லது எட்டு யூனிட்டுக்கு மேல் இருந்தால் ரெரா பதிவு கட்டாயம், அந்த எண்ணை அவர்கள் தளத்தில் நீங்களே அடித்துப் பார்க்கலாம். அங்கீகாரம் இல்லாத மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் நிறுத்தியதும், பிறகு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்ததும் நினைவிருக்கும். "ரெகுலரைஸ் ஆகிடுச்சு" என்று சொன்னால் அந்த மனைக்கே தனியாகப் போட்ட உத்தரவைக் கேளுங்கள், லேஅவுட்டுக்குப் போட்டது மட்டும் போதாது. வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு, பட்டா விற்பவர் பெயரில், வீட்டுக்குக் கட்டட அனுமதி எத்தனை சதுர அடிக்கு, கட்டியிருப்பது எத்தனை என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் இந்தக் கடைசி இரண்டும் ஒத்துவராது.

காகிதத்தில் வராதது தண்ணீர். பக்கத்து வீட்டம்மாவிடம் மேட்டூர்த் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் எத்தனை அடி, உப்பா நல்லதா என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் உங்கள் புது வாஷிங் மெஷின் ஹீட்டருக்கும் கேடு. மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதையும் அவரிடமே கேட்கலாம். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டில் கொட்டியது திருமணிமுத்தாறு வழியாக ஊருக்குள் இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கடைசியாக அப்பாவின் ஏற்காடு மனை. அங்கே விலையைப் பேசுவதற்கு முன் நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லைக்குள் வரும் கிராமம் என்றால் லேஅவுட்டுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி வாங்குவது கீழே வாங்குவது போல இல்லை. பழங்குடி மக்களுக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலங்களும் அங்கே உண்டு, அவற்றை வாங்கினால் கிரயமே செல்லாமல் போகலாம். "காபித் தோட்டத்துல அஞ்சு சென்ட் பிரிச்சுத் தர்றோம்" என்பவரிடம் பணம் கொடுக்காமல் சர்வே எண்ணை மட்டும் வாங்கி வரச் சொல்லுங்கள். அதை வைத்து அ பதிவேட்டு (கிராம நில விவரப் பதிவேடு) நகலும் வில்லங்கமும் போட்டுவிட்டு, ஏற்காடு தாலுகா ஆபீஸில் நிலத்தின் வகைப்பாட்டைக் கேட்ட பிறகு அடுத்த பேச்சு பேசலாம்.